சாவித்திரி சறுக்கிய இடங்கள்

மலையேறியவரின் புகழை ஊர் ஒரு நாள் பேசும். அவர் சறுக்கி வீழ்ந்த கதையை ஓராயிரம் நாள் பேசும். வீழ்ச்சியைப் பேசுவோரில் வழுக்கிய பாறை எது, கால் பிசகிய இடம் எது என்று ஆராய்ந்தறிவார் மிகச் சிலரே. ‘ஏறியிருக்கவே கூடாது’ என்று தீர்ப்புரைத்து வீடு திரும்புவாரே பலர். ஏறியவர் பெண்ணாயின் அத் தீர்ப்பு இன்னும் விரைவாக வழங்கப்பெறும்.

நடிகை சாவித்திரி மறைந்தது 1981ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள். நாற்பதாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்றும் அவர் பெயரை எடுத்தவுடன் பேச்சு செல்லும் வழி ஒன்றே. ‘எவ்வளவு பெரிய நடிகை! குடித்துக் கெட்டார், காதலித்துக் கெட்டார், தாமே படமெடுத்துக் கெட்டார்’ என்று மூன்று தொடரில் ஒரு வாழ்க்கையை முடித்துவிடுகின்றனர். 2018இல் தெலுங்கில் ‘மகாநடி’ என்றும் தமிழில் ‘நடிகையர் திலகம்’ என்றும் அவர் வரலாறு திரைப்படமாக வந்தது. அதில் அவராக நடித்த கீர்த்தி சுரேசு நாட்டின் சிறந்த நடிகைக்குரிய விருதையும் பெற்றார். இளந்தலைமுறையினர் சாவித்திரியை அறிந்துகொள்ள அப் படம் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனைப் பார்த்து வெளிவந்தோர் நெஞ்சில் பெரிதும் தங்கியவை காதலும் கண்ணீரும் குடியுமே. அவர் எந்தப் படத்தில் எவ்வாறு பிழைசெய்தார், அப் பிழைக்கு எத்துணைப் பெரிய விலை கேட்கப்பட்டது, அவ் விலையைக் கேட்டவர் யார் என்னும் வினாக்கள் பின்னுக்குப் போயின.

அவ் வினாக்களை எழுப்புதல் வேண்டும். நடிகரைத் தொழுவதும் தூற்றுவதும் ஒரே நோயின் இரு கூறுகள். இரண்டிலும் அறிவுக்கு வேலையில்லை. ஒரு கலைஞரின் தோல்விகளை அவர் தம் கலையின் தோல்விகளாகவே எடுத்து எடைபோடுவதே அவர்க்குச் செய்யும் உண்மையான மதிப்பாகும்.

முதற் சறுக்கல்

சாவித்திரி பிறப்பால் தெலுங்கர். குண்டூர் மாவட்டத்துச் சிர்ராவூரில் பிறந்தவர். ஆடலும் நாடகமும் பயின்று சிறுமியாகவே மேடையேறியவர். திரைக்கு வந்த தொடக்கத்திலேயே அவர்க்கு ஒரு தோல்வி காத்திருந்தது. எல்.வி. பிரசாத்து இயக்கி 1950இல் வெளிவந்த ‘சம்சாரம்’ என்னும் தெலுங்குப் படத்தில் கதைத்தலைவியாக அவரைத் தேர்ந்திருந்தனர். தாம் வியந்து போற்றிய நாகேசுவரராவின் எதிரில் நின்றபோது அச் சிறுமிக்குப் பேச்சு தடுமாறியது. எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. முடிவில் தலைமை வேடம் வேறொருவர்க்குப் போயிற்று. சாவித்திரிக்கு எஞ்சியது சிறு வேடமே.

அடுத்த ஆண்டு ‘பாதாள பைரவி’யில் ஓர் ஆடற் காட்சியில் மட்டும் தோன்றினார். பின்னர் 1953இல் ‘தேவதாசு’ வந்தது. 1955இல் ‘மிசியம்மா’ வந்தது. அதன் தெலுங்கு வடிவில் தலைவியாக நடிக்கத் தொடங்கியவர் பானுமதி. அவர்க்கும் படத்தின் ஆக்குநர் சக்கரபாணிக்கும் இடையே எழுந்த பிணக்கால் அவர் விலக, இரண்டாம் வேடத்துக்குத் தேர்ந்திருந்த சாவித்திரி முதல் வேடத்துக்கு உயர்ந்தார். ஐந்தாண்டுகளுக்கு முன் நாத் தடுமாறிய சிறுமியா இவர் என்று வியக்குமாறு, சினமும் செருக்கும் கனிவும் மாறி மாறித் தோன்றும் அவ் வேடத்தை நகைச்சுவை குன்றாது நடித்துக் காட்டினார்.

இங்குக் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ‘சம்சார’த்தில் அவர் பிழைத்தபோது அப் பிழையின் பொருளிழப்பை ஏற்றது படக் குழுமம். சிறுமி இழந்தது ஒரு வாய்ப்பு மட்டுமே. வாய்ப்பை இழந்தவர் பட்டறிவைப் பெற்றுக்கொண்டு அடுத்த வாயிலைத் தட்ட முடிந்தது. இருபதாண்டுகள் கழித்து அவர் பிழைத்தபோது அந் நிலை இல்லை. இரு பிழைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அதுவே.

உயரம் எத்தகையது?

சறுக்கிய ஆழத்தை அளக்குமுன் ஏறிய உயரத்தை அறிதல் வேண்டும். 1957இல் வந்த ‘மாயாபசா’ரில் கடோற்கசன் ஒரு பெண்ணின் வடிவெடுத்து நடமாடுவதாக ஒரு பகுதி வரும். பெண்ணுடலில் அரக்கன் மிடுக்கை அங்கே சாவித்திரி காட்டியது, எசு.வி. இரங்காராவின் நடையையும் நோக்கையும் நுணுகி நுணுகிக் கற்றதன் விளைவு. 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’, 1961இல் ‘பாசமலர்’, 1963இல் ‘கற்பகம்’, 1964இல் ‘கைகொடுத்த தெய்வம்’, ‘நவராத்திரி’. ‘பாசமலர்’ அண்ணன் கதையாகவே பேசப்படுகிறது. ஆனால், அத் தங்கை நம்பத்தகாதவளாக இருந்திருப்பின் அவ் வண்ணனின் கண்ணீர் வெறும் நீராகவே போயிருக்கும். ‘நவராத்திரி’யில் சிவாசி கணேசன் ஒன்பது வேடம் பூண்டார் என்று விளம்பரம் செய்தனர். அவ் வொன்பதின்மரையும் ஒருத்தியாகவே எதிர்கொண்டு, ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு வகையாக அஞ்சியும் இரங்கியும் நகைத்தும் படத்தைத் தாங்கி நின்றவர் சாவித்திரி. அப் படத்தின் தெருக்கூத்துக் காட்சியில் அவர் ஆட்டத்தைக் கண்டவர்கள் அவரைக் கூத்து மரபினர் என்றே எண்ணுவர்.

இன்னொன்றையும் சொல்லுதல் தகும். தமிழ் அவர்க்குத் தாய்மொழியன்று, கற்றுக்கொண்ட மொழி. கற்றுக்கொண்ட மொழியில் தம் குரலாலேயே பேசி நடித்தார். சொல்லின் ஏற்றமும் இறக்கமும், சினத்தில் சொல் இறுகுவதும் அழுகையில் சொல் உடைவதும் பிறழாமல் அவர் நாவில் வந்தன. தமிழகத்திற் பிறந்தும் தமிழை நுனிநாக்கில் நசுக்கிப் பேசுவதைப் பெருமையாகக் கருதும் நடிகர் பலர் வந்துள்ளனர். ஒரு தெலுங்குப் பெண்ணின் தமிழை அவர்கள் கேட்டுப் பார்த்தல் நன்று.

வீணான உழைப்பு

இத்தகையவர் நடித்த படங்களில் பயனற்றவை இல்லையா? உண்டு. மிகப் பலவும் உண்டு. ம.கோ. இராமச்சந்திரனுடன் ‘மகாதேவி’ (1957), ‘பரிசு’ (1963), ‘வேட்டைக்காரன்’ (1964) ஆகியவற்றில் அவர் நடித்தார். படங்கள் ஓடின என்பது வேறு. அவற்றில் சாவித்திரிக்கு வேலை இருந்ததா என்பது வேறு. ஒரே தலைவனின் வீரத்தைச் சுற்றியே எல்லாம் சுழலும் கதைகளில் தலைவிக்கு எஞ்சுவது பாட்டும் ஏக்கமும் காத்திருத்தலுமே. ‘நவராத்திரி’யைத் தாங்கிய தோள்களுக்கு அவை சுமையே அல்ல. அங்கே அவர் நடிப்பு தாழவில்லை, தேவைப்படவில்லை.

இந்தித் திரைக்கும் சென்று பார்த்தார். 1954இல் ‘பகுத் தின் குவே’, 1964இல் ‘கங்கா கி லகரேன்’ முதலிய சில படங்களோடு அம் முயற்சி நின்றுபோயிற்று. அவை தோன்றிய சுவடும் இன்று இல்லை. தெலுங்கிலும் தமிழிலும் வேரூன்றிய கலை அது. சொல்லுக்குள் இருக்கும் சூட்டையும் குளிர்ச்சியையும் உணர்ந்து நடிப்பவரை வேற்று மண்ணில் நட்டால் தழைக்குமா? வடக்கே சென்று பெயர் பெற்றால்தான் பெருமை என்று தென்னாட்டுக் கலைஞர் பலரைப் பற்றிய மயக்கத்தின் ஒரு சிறு பகுதி இஃது. ஆயினும் இவையெல்லாம் சிறு சறுக்கல்களே. ஒரு நடிகை ஒரு பயனற்ற படத்தில் நடித்தால் சில கிழமை உழைப்பு வீணாகும், அவ்வளவே. பெரிய வீழ்ச்சி வேறிடத்தில் நேர்ந்தது.

நான்காண்டில் ஆறு படங்கள்

1968இல் சாவித்திரி இயக்குநரானார். தெலுங்கில் வந்த அம் முதற்படம் ‘சின்னாரி பாப்பலு’. பெண்களே முன்னின்று படமெடுக்க வேண்டும் என்னும் எண்ணத்தில் பிறந்தது அது. இயக்கம் சாவித்திரி, இசை பி. இலீலா, ஆடலமைப்பு இராசசுலோசனா. ஆடவர் கையிலேயே இருந்த ஒரு தொழிலில், அற்றை நாளில், இஃது அருந்துணிவு. ‘பெண்ணுக்கு ஏன் இந்த வேலை’ என்று கேட்டோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவ் வினாவிற்கு விடையே தேவையில்லை. துணிந்தது பிழையன்று.

பிழை அதற்கடுத்து நிகழ்ந்தது. 1969இல் அதே கதையைத் தமிழில் ‘குழந்தை உள்ளம்’ என்று எடுத்தார். அதே ஆண்டில் தெலுங்கில் ‘சிரஞ்சீவி’. அதே ஆண்டில் ‘மாத்திரு தேவதா’. 1971இல் ‘விந்த சம்சாரம்’. அதே ஆண்டில் தமிழில் ‘பிராப்தம்’. நான்காண்டுகளுக்குள், இரு மொழிகளில், ஆறு படங்கள். இடையிடையே பிறர் படங்களில் நடிப்பும் நிற்கவில்லை.

நடிப்பதும் இயக்குவதும் ஒரே தொழிலின் இரு படிகள் அல்ல. இரு வேறு தொழில்கள். நடிப்பவர் ஒரு கதைமாந்தருக்குள் புகுந்து, மற்றனைத்தையும் மறத்தல் வேண்டும். இயக்குபவரோ எந்த மாந்தருக்குள்ளும் முற்றப் புகாமல், அனைத்தையும் ஒருங்கே காணுதல் வேண்டும். ஒளியையும் ஒலியையும் காட்சித் தொடர்ச்சியையும் நாட்கணக்கையும் பணக்கணக்கையும் நெஞ்சில் வைத்துக்கொண்டே ஒரு நடிகரின் கண்ணிமையையும் நோக்குதல் வேண்டும். ஒரு படம் எடுத்து, அதில் நேர்ந்த குறைகளை ஆய்ந்து, ஓராண்டு ஓய்ந்திருந்து, மீண்டும் தொடங்கியிருந்தால் சாவித்திரி தேர்ந்த இயக்குநராக வளர்ந்திருத்தல் கூடும். வளர்வதற்கு வேண்டிய காலத்தை அவர் தமக்குத் தரவில்லை. முதற்படத்தின் பாடத்தைக் கற்குமுன் மூன்றாம் படத்தின் படப்பிடிப்பில் நின்றார். அப் படங்களுட் பல மக்கள் நினைவில் நில்லாமற் போயினமைக்குக் கரணியம் இவ் விரைவே.

பெருவீழ்ச்சி: ‘பிராப்தம்’

சாவித்திரியின் படங்களுள் மிகப் பெரிய பிழை எது என்று கேட்டால், நடுநிலையோடு விடையிறுப்பவர் ‘பிராப்தம்’ என்றே கூறுவர். மோசமான நடிப்பு நிறைந்த படம் என்பதனால் அன்று. ஒரு படத்தில் செய்யத்தகாத அத்தனையும் அதில் ஒன்றுசேர்ந்தன என்பதனால்.

1964இல் தெலுங்கில் ‘மூக மனசுலு’ என்னும் படம் வந்தது. ஊமை நெஞ்சங்கள் என்பது அதன் பொருள். ஆதுர்த்தி சுப்பாராவ் இயக்கிய அப் படத்தில் நாகேசுவரராவ் ஓடக்காரனாகவும், சாவித்திரி அவன் ஓடத்தில் நாள்தோறும் ஆற்றைக் கடந்து கல்லூரிக்குச் செல்லும் செல்வர் வீட்டுப் பெண்ணாகவும், சமுனா அவ் வோடக்காரனை விரும்பும் ஏழைப் பெண்ணாகவும் நடித்தனர். சொல்லாத காதலும் மறுபிறவியும் பின்னிய கதை. கோதாவரி ஆறே அதில் ஒரு கதைமாந்தர். படம் பெருவெற்றி பெற்றது. அதனையே 1967இல் சுப்பாராவ் இந்தியில் ‘மிலன்’ என்று எடுத்தார். சுனில் தத்தும் நூதனும் நடித்தனர். அதுவும் வெற்றி பெற்றது.

இரு வெற்றிகளைக் கண்ட கதை. மூன்றாம் முறை தோற்குமா என்று எவரும் எண்ணியிருப்பர். சாவித்திரியும் எண்ணினார். தாமே பணம் போட்டார், தாமே இயக்கினார், தாமே கதைத்தலைவியாகவும் நடித்தார். ஓடக்காரனாகச் சிவாசி கணேசன். ஏழைப் பெண்ணாகச் சந்திரகலா.

அடுக்கடுக்காக நேர்ந்த பிழைகளை எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது, வேடம். ‘மூக மனசுலு’ வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. சாவித்திரிக்கு அகவை முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது, உடலும் பருத்திருந்தது. கல்லூரிப் பெண்ணாக அவரை ஏற்க அவையோர் கண் மறுத்தது. சுப்பாராவ் இந்தியில் எடுத்தபோது தலைவியை மாற்றிக்கொண்டார். சாவித்திரி தம்மை மாற்றிக்கொள்ளவில்லை. நடிகை சாவித்திரியிடம் ‘இவ் வேடம் இனி உமக்குப் பொருந்தாது’ என்று சொல்ல வேண்டியவர் இயக்குநர். அவ் வியக்குநரும் சாவித்திரியே. கண்ணாடி முன் நிற்பவர்க்குக் கண்ணாடியே பொய் சொன்னால் யார் திருத்துவது?

இரண்டாவது, மண். கோதாவரிக் கரையில் பிறந்த கதையின் உயிர் அவ் வாற்றோடு பிணைந்திருந்தது. அதனைத் தமிழுக்குக் கொணர்பவர் காவிரிக் கரையையோ பொருநைக் கரையையோ கண்டு, அங்குள்ள ஓடக்காரன் வாழ்வையும் வழக்கையும் கேட்டு, கதையைப் புதிதாகப் பிறப்பித்திருத்தல் வேண்டும். பெயர்த்து நட்ட மரத்திற்குப் புதுமண்ணின் நீர் வேண்டும். ஈண்டு மரம் மட்டும் வந்தது.

மூன்றாவது, வெளியிட்ட நாள். 1971ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், சித்திரை முதல் நாள், ‘பிராப்தம்’ வெளிவந்தது. அதே நாளில் சிவாசி கணேசனும் செயலலிதாவும் நடித்த ‘சுமதி என் சுந்தரி’யும் வெளிவந்தது. ஒரே நடிகரின் இரு படங்கள் ஒரே நாளில் மோதின. ஒன்று இளமை துள்ளும் காதற்கதை. மற்றொன்று பிறவிகள் தாண்டிய துயரக் கதை. விழா நாளில் குடும்பத்தோடு கொட்டகைக்குச் செல்பவர் எதனைத் தேர்வர் என்பது வெளிப்படை. இம் மோதலால் அடிபடுவது அந் நடிகர் அல்லர்; கைப்பணம் போட்டவரே.

நான்காவது, பணம். நடித்து ஈட்டியதைப் படத்தில் போட்டார். படம் வீழ்ந்தபோது இடையில் நின்று தாங்க எக் குழுமமும் இல்லை, எப் பங்காளியும் இல்லை. இழப்பு நேரே வீட்டு வாயிலுக்கு வந்தது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ப் படத்திற்கு ‘பிராப்தம்’ என்பது பெயராம். ஊழ் என்றும் பேறு என்றும் வினைப்பயன் என்றும் தமிழில் இதற்குச் சொல் இல்லையா? வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்துச் சென்ற பொருள் அன்றோ அது? வடசொற் பெயரால்தான் படம் தோற்றது என்று கூறுதல் மிகை. அவ்வாறு கூறுவது உண்மையும் ஆகாது. வடமொழிப் பெயர் தாங்கிய படங்கள் பல ஓடியுள்ளன. ஆனால், பெயர் ஓர் அடையாளம். கதையைத் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்யாமல் அப்படியே தூக்கி வைத்த அதே மனப்போக்குதான், பெயரையும் தமிழில் எண்ணிப் பாராமல் வைத்தது. இரண்டாண்டுகளுக்கு முன் ‘குழந்தை உள்ளம்’ என்று தூய தமிழில் பெயரிட்டவரும் இவரே என்பதை எண்ணும்போது வருத்தம் மிகுகிறது.

இழப்பு ஒன்று, தீர்ப்பு இரண்டு

இனிச் சிந்திக்க வேண்டியது வேறொன்று. படமெடுத்துப் பொருளிழந்தவர் சாவித்திரி ஒருவர்தாமா?

‘பிராப்தம்’ வருமுன் 1970இல் இந்தியில் இராசு கபூர் ‘மேரா நாம் சோக்கர்’ என்னும் படத்தை எடுத்து வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் எடுத்த, நான்கு மணி நேரம் ஓடும் அப் படம் பெருந்தோல்வி கண்டது. இராசு கபூர் கடனில் மூழ்கினார். மூன்றாண்டுகளில், 1973இல், ‘பாபி’ என்னும் படத்தால் மீண்டெழுந்தார். இன்று அத் தோல்விப் படமே ‘காலத்தை முந்திய படைப்பு’ என்று போற்றப்படுகிறது. அவர்க்குத் தனிப் படநிலையம் இருந்தது. தந்தையும் உடன்பிறந்தாரும் மக்களும் திரையுலகிலேயே இருந்தனர். மறுமுறை முயல்வதற்குக் கடன் கொடுப்பாரும் இருந்தனர். விழுந்தவர்க்கு ஏறிவர ஒரு படிக்கட்டு இருந்தது.

தமிழகத்திலேயே பாவலர் கண்ணதாசன் 1960இல் ‘கவலை இல்லாத மனிதன்’ என்னும் படத்தை எடுத்துப் பெருங்கடனாளியானார். அக் கதையை அவரே எழுதினார். மக்களும் சுவைத்துப் படித்தனர். அவர் குடியும் மறைவானதன்று, அவரே எழுதியது. ‘பாவலனுக்கு அது அணி’ என்று கூடச் சிலர் நயந்தனர்.

அதே இழப்பு, அதே குடி, ஒரு பெண்ணிடம் வந்தபோது குமுகாயத்தின் நாக்கு வேறு சொல்லைத் தேடிற்று. ஆடவன் தோற்றால் ‘துணிந்து பார்த்தான்’. பெண் தோற்றால் ‘அடங்காமல் அழிந்தாள்’. ஆடவன் குடித்தால் துயரம். பெண் குடித்தால் ஒழுக்கக்கேடு. குடி எவரைக் கெடுத்தாலும் கேடே. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை ஆடவர்க்கு ஒன்று, பெண்டிர்க்கு ஒன்று என்று இரண்டாக வகுக்கவில்லை. வகுத்தவர் பின்வந்தவர்.

‘கைகொடுத்த தெய்வம்’ படத்தில் வெள்ளை உள்ளத்தால் ஊர்ப்பழி சுமக்கும் ஒரு பெண்ணாகச் சாவித்திரி நடித்தார். கொட்டகையில் அப் பெண்ணுக்காக அழாதவர் இல்லை. அழுது முடித்து வெளியே வந்தவர்களே, பின்னாளில் அவ் வேடம் பூண்டவரைப் பற்றி அதே ஊர்ப்பழியைப் பரப்பினர். கலை மக்களைத் திருத்தும் என்பார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

இறுதி ஆண்டுகள்

‘பிராப்த’த்திற்குப் பின் கடனும் வருமான வரித் தொல்லையும் சேர்ந்து நெருக்கின. வீடும் உடைமைகளும் கைவிட்டுப் போயின. கணவர் செமினி கணேசனோடு கொண்ட இல்லறமும் முன்பே பிரிவில் முடிந்திருந்தது. வயிற்றுக்காகவும் மக்களுக்காகவும் வந்த வேடங்களையெல்லாம் ஏற்றார். தாயாகவும், ஓரிரு காட்சிகளில் வந்துபோகும் முதியவளாகவும் நடித்தார். 1979இல் தாசரி நாராயணராவ் இயக்கிய ‘கோரிண்டாக்கு’ போன்ற சில படங்களில் பழைய ஒளி ஒரு கணம் மின்னியது. மற்றவற்றில் அவர் பெயரை விளம்பரத்திற்கு வைத்துக்கொண்டனரேயன்றி, அவர் ஆற்றலைக் கேட்டாரில்லை.

சறுக்கல் என்று சொல்லின், இப் பிற்காலப் படங்களையே மோசமானவை என்று பட்டியலிடுவோர் உளர். அது நேர்மையன்று. பசிக்காக நடித்த படங்களைக் கலைஞரின் பிழையென்று எண்ணக் கூடாது. அவை அவரைச் சுற்றியிருந்தவர்களின் பிழை. ‘நவராத்திரி’யைத் தந்தவர்க்கு அவர் அகவைக்கேற்ற ஒரு முழுக் கதையை எழுத, நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்த தென்னகத் திரையுலகில் ஒருவர்க்கும் தோன்றவில்லை. தலைவனுக்கு ஐம்பதிலும் இளமை உண்டு. தலைவிக்கு முப்பத்தைந்தில் முதுமை. இம் முறைமை இருந்தமையாலன்றோ அவர் கல்லூரிப் பெண்ணாகத் தம்மைத் தாமே மீண்டும் ஒருமுறை வேடமிட நேர்ந்தது? முப்பத்தைந்து அகவைப் பெண்ணின் வாழ்வைச் சொல்லும் கதைகள் அவர்முன் வரிசையில் நின்றிருந்தால், ‘பிராப்தம்’ என்னும் பொறியில் அவர் கால் வைத்திருப்பாரா?

1980ஆம் ஆண்டு மே திங்களில் அவர் உணர்விழந்தார். பத்தொன்பது திங்கள் அந் நிலையிலேயே கிடந்தார். கொட்டகை கொட்டகையாக மக்களை அழவும் நகவும் வைத்த கண்கள் எதனையும் அறியாமல் கிடந்தன. பின்னர் மூடின. அகவை ஐம்பதை எட்டவில்லை.

கற்க வேண்டியது

‘அவர்க்கு அறிவுரை கூறினர், கேட்கவில்லை’ என்பர் சிலர். கேட்கவில்லை என்பது மெய்யாகவே இருக்கலாம். பிடிவாதம் அவரிடம் இருந்தது. கணக்குப் பாராமல் வாரி வழங்கும் இயல்பு இருந்தது. முகத்துக்கு நேரே புகழ்வாரை நம்பும் எளிமை இருந்தது. இவற்றை மறைத்துப் பேசுவது அவரைத் தெய்வமாக்கும் வேலை. அவ் வேலை பகுத்தறிவுடையார்க்கு ஆகாது. அவர் செய்த பிழைகள் அவருடையவையே: விரைந்தார், தம் வேடத்தைத் தாமே மதிப்பிடத் தவறினார், வேற்று மண்ணின் கதையைத் தமிழாக்காமல் தமிழில் வைத்தார், ஈட்டியதை ஒரே ஓடத்தில் ஏற்றினார்.

ஆனால், பிழை வேறு, தண்டனை வேறு. மேற்சொன்ன நான்கு பிழைகளும் தொழிற் பிழைகள். தொழிற் பிழைக்குத் தொழிலிழப்பு ஓரளவு முறையாகலாம். வீடிழப்பும் பெயரிழப்பும் உயிரிழப்பும் எந்த முறைமன்றத்தின் தீர்ப்பு? ஒரு படத்தின் தோல்வி ஒரு மாந்தரின் அழிவாக முடியுமாறு ஒரு தொழில் அமைந்திருக்குமாயின், பிழை அம் மாந்தரிடம் மட்டும் இல்லை.

கலைஞர்களுக்குச் சொல்லத்தக்கது இது: கலையைத் துணிந்து செய்க, கணக்கைத் துணையோடு செய்க. உம்மைப் புகழ்வார் பலருள் உம்மைத் திருத்துவார் ஒருவரையேனும் அருகில் வைத்துக்கொள்க. பிறமொழிக் கதையைக் கொணர்ந்தால், அதற்குத் தமிழ்ப் பெயரும் தமிழ் ஆறும் தமிழ் மாந்தரும் தந்து புதிதாய்ப் படைக்க.

மக்களுக்குச் சொல்லத்தக்கதும் உண்டு. ஒரு பெண் படமியக்கித் தோற்றால், படம் ஏன் தோற்றது என்று கேளுங்கள். அவள் எவரோடு வாழ்ந்தாள், என்ன குடித்தாள் என்று கேளாதீர்கள். முதல் வினாவால் அடுத்த பெண்ணுக்குப் பாடம் கிடைக்கும். இரண்டாம் வினாவால் அடுத்த பெண் அப் பக்கமே வாராமற் போவாள். சாவித்திரிக்குப் பின் தென்னகத் திரையில் பெண் இயக்குநர்கள் எத்துணை அருகியே தோன்றினர் என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு, எந்த வினா மிகுதியாகக் கேட்கப்பட்டது என்பது விளங்கும்.

‘பாசமலர்’ இன்றும் தொலைக்காட்சியில் ஓடுகிறது. இரவில் அதனைப் பார்த்துக் கண் துடைத்துக்கொள்ளும் இல்லத்தில், மறுநாட் காலை அவ் வீட்டுப் பெண் ஒருத்தி ‘நானும் ஒன்றைத் தொடங்கிப் பார்க்கிறேன்’ என்று சொல்லக் கூடும். அப்பொழுது அவ் வில்லத்தார் என்ன விடை சொல்கின்றனர் என்பதில்தான் சாவித்திரிக்கு அவர்கள் சிந்திய கண்ணீர் மெய்யா பொய்யா என்பது தெரியும்.